சார்ஜர் எவ்வளவு கரன்ட் குடிக்கும்?

மீட்டர் ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் பல வீடுகளில் ஒரு பஞ்சாயத்து கூடும். போன தடவையைவிட பில் கூடியிருக்கிறது, யார் காரணம்? பெரும்பாலும் பழி செல்போன் மேல்தான் விழும். "ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் பில் ஏறாமல் என்ன செய்யும்?" என்பார் அப்பா. "தம்பி வாங்கி வந்திருப்பது 67 வாட் சார்ஜர். நம்ம வீட்டுச் சார்ஜர் 10 வாட். கிட்டத்தட்ட ஏழு மடங்கு இழுக்குமே" என்று பெட்டியைப் படித்துக் காட்டுவார் சித்தப்பா. கடைசியில், பெரிய சார்ஜரை பீரோவில் பூட்டி வைப்பது, சந்தையில் 80 ரூபாய்க்கு வாங்கிய சின்ன சார்ஜரில்தான் இனி எல்லோரும் சார்ஜ் போடுவது என்று தீர்ப்பாகும்.

இந்தத் தீர்ப்பில் இரண்டு தப்பு இருக்கிறது. மிச்சமாகும் என்று நினைத்த கரன்ட் மிச்சமாகாது என்பது முதல் தப்பு. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நல்ல சார்ஜரைப் பூட்டிவிட்டு, எந்தச் சோதனைக்கும் உட்படாத ஒரு சார்ஜரை வீட்டில் உள்ளவர்கள் கையில் கொடுத்தது இரண்டாவது தப்பு. இதில் நஷ்டம் வந்தால் அது ரூபாய்க் கணக்கோடு நிற்காது.

தொட்டி ஒன்றுதான், குழாய்தான் வேறு

வீட்டு மாடியில் 1,000 லிட்டர் தொட்டி இருக்கிறது. அரை அங்குலக் குழாயில் நிரப்பினாலும் இரண்டு அங்குலக் குழாயில் நிரப்பினாலும் அதில் பிடிப்பது 1,000 லிட்டர்தான். பெரிய குழாயில் சீக்கிரம் நிரம்பும், சின்னக் குழாயில் நேரமாகும். அவ்வளவுதான் வித்தியாசம். போன் பேட்டரியும் அப்படி ஒரு தொட்டிதான். சார்ஜரில் எழுதியிருக்கும் வாட் என்பது குழாயின் அளவு. மீட்டரில் ஓடும் யூனிட் என்பது தொட்டிக்குள் போன தண்ணீரின் அளவு. குழாயைப் பார்த்துத் தண்ணீர்க் கணக்குப் போடுவதால்தான் சித்தப்பாவுக்கு ஏழு மடங்கு வருகிறது.

இப்போது விற்கும் போன்களில் 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி சாதாரணம். அந்த பேட்டரியின் வோல்டேஜ் சுமார் 3.85. 5 ஆம்பியர் மணியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி வரும். 1,000 வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிட். ஆக, காலியான ஒரு போன் பேட்டரிக்குள் போய்ச் சேரும் மின்சாரம் ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

வாய்க்காலில் விட்ட தண்ணீர் முழுவதும் பயிருக்குப் போய்ச் சேராத மாதிரி, சுவரிலிருந்து எடுத்த கரன்ட் முழுவதும் பேட்டரிக்குப் போய்ச் சேராது. சார்ஜரில் கொஞ்சம் சூடாகப் போகும். கேபிளில் கொஞ்சம், போனுக்குள் கொஞ்சம். தொட்டுப் பார்த்தால் தெரியும் அந்தச் சூடுதான் இழப்பு. இழப்பையும் சேர்த்தால் நல்ல சார்ஜரில் ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் 25 வாட் மணி ஆகும். பழைய காலத்து 5 வாட் சார்ஜர், மட்டமான கேபிள் என்றால் 30 வரை போகலாம். கவனியுங்கள், சின்ன சார்ஜர்தான் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. புதிதாக வரும் நல்ல வேக சார்ஜர்களில் வீணாகும் பங்கு குறைவு. அதோடு வேலை ஒரு மணி நேரத்திலோ ஒன்றரை மணி நேரத்திலோ முடிந்துவிடுகிறது.

25 வாட் மணி என்றால், 40 முறை முழுதாக சார்ஜ் போட்டால் ஒரு யூனிட். தினமும் ஒரு முறை காலியாகி நிரம்பும் போனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட். வருடத்துக்கு ஒன்பது. யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருடம் முழுவதற்கும் 45 ரூபாய். இரண்டு மாத பில்லில் ஏழரை ரூபாய். டீக்கடையில் ஒரு டீ குடிக்கக்கூட அது போதாது. வீட்டில் நான்கு போன் இருந்தாலும் ஆறு யூனிட்தான். 2016-ல் வந்த முதல் 100 யூனிட் இலவச ஏற்பாட்டுக்குள்ளேயே பில் முடிகிற சிறிய வீடுகளில் அந்த ஏழரை ரூபாயும் கிடையாது.

பெரியவர்கள் வைத்திருக்கும் பட்டன் போன் இதைவிடச் சிக்கனம். அதன் பேட்டரி 1,000 எம்.ஏ.ஹெச். அளவில் இருக்கும். வாரம் இரண்டு முறை சார்ஜ் போட்டால் வருடத்துக்கு ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா பேரன்களைத் திட்டுவதற்கு வேறு காரணங்கள் உண்டு, கரன்ட் பில் மட்டும் அதில் சேராது.

மீட்டரே சாட்சி

இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டு மீட்டரையே கேட்டுப் பாருங்கள். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுங்கும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்ற எண் அச்சாகியிருக்கும். 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் அது மாறும். 3200 என்று இருந்தால் 3,200 முறை மினுங்கினால் ஒரு யூனிட் ஓடியது என்று அர்த்தம்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சார்ஜ் இறங்கிய போன் ஒன்றை மட்டும் வேக சார்ஜரில் போடச் சொல்லுங்கள். 33 வாட் சார்ஜர் முழு வேகத்தில் ஏற்றும்போது 3200 மீட்டரில் அரை நிமிடத்துக்கு ஒரு மினுக்கல் வரும். 5 வாட் சார்ஜரில் போட்டால் ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். "பார்த்தீங்களா, இதுதான் கம்மி" என்று தோன்றும். பொறுமையாகக் கடைசி வரை எண்ணினால், வேக சார்ஜரில் சுமார் 80 மினுக்கலில் முடியும். சின்ன சார்ஜர் நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுத்து 90-ஐத் தாண்டியிருக்கும். அதன் பிறகு பழைய சீலிங் ஃபேன் ஒன்றை மட்டும் ஓட விட்டு ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்கள். 75 வாட் ஃபேன் என்றால் 240 மினுக்கல் வரும். மூன்று போனுக்கு முழு சார்ஜ் போட்ட கரன்ட் அது.

பில்லைக் கூட்டுவது எது?

போன் இல்லை என்றால் வேறு எது என்ற கேள்வி வரும். முதலில் ராத்திரி முழுக்க எரியும் ஜீரோ வாட் பல்பைப் பாருங்கள். பெயர்தான் ஜீரோ. பழைய குண்டு பல்பு வகை 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் ஏழு யூனிட்டுக்கு மேல். தினமும் ஐந்து போனுக்கு முழு சார்ஜ் போடுகிற கரன்ட் அது. அரை வாட் எல்.இ.டி. ராத்திரி விளக்கு ஒன்றை மாட்டினால் அதே இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது.

அடுத்தது செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் டிவியை அணைத்ததும் எல்லாம் அணைந்தது என்று நினைக்கிறோம். பெட்டி உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும். 8 வாட் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். டிவி பார்க்காத 20 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மாதத்தில் ஒன்பதரை யூனிட். சுவிட்ச் போர்டில் அணைத்தால் அத்தனையும் மிச்சம். ஃபேன் இன்னும் பெரியது. 75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். அதே காற்றுக்கு 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 22 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஃப்ரிட்ஜ் வருடத்துக்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்பது அதன் கதவில் ஒட்டிய நட்சத்திர லேபிளிலேயே எழுதியிருக்கும். ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

சரி, சார்ஜரை போன் இல்லாமல் போர்டிலேயே சொருகி சுவிட்சைப் போட்டு வைத்தால்? வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பழைய காலத்தில் கையில் கனத்த, உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சார்ஜர்கள் சும்மா இருக்கும்போதே ஒன்றிரண்டு வாட் இழுக்கும். "சார்ஜரைப் பிடுங்கி வை" என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. இப்போதைய சிறிய சார்ஜர்கள் அப்படி இல்லை. 49 வாட் வரை உள்ள சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் விதி வைத்தது. அந்த அளவில் இரண்டு மாதம் சும்மாவே கிடந்தாலும் ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான். ஆகவே யூனிட் கணக்குக்காகப் பிடுங்க வேண்டியதில்லை. இடி மின்னலுக்காகவும், தவழும் குழந்தை கேபிள் நுனியை வாயில் வைக்கும் என்பதற்காகவும் பிடுங்கி வைக்க வேண்டும்.

வயர் இல்லாமல் தட்டின் மேல் வைத்து ஏற்றும் சார்ஜர் இப்போது கிராமத்துக்கும் வந்துவிட்டது. அதில் இழப்பு அதிகம். போனைச் சற்றே விலக்கி வைத்தால் இன்னும் அதிகம். பவர் பேங்க்கிலும் இரட்டை இழப்பு உண்டு. சுவரிலிருந்து பவர் பேங்க்குக்கு ஏற்றும்போது ஒன்று, அங்கிருந்து போனுக்கு இறக்கும்போது இன்னொன்று. இந்த இரண்டாவது இழப்பால்தான் 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 5,000 எம்.ஏ.ஹெச். போனை இரண்டு முறை நிரப்பாமல், ஒன்றரை முறைக்குள் கையை விரித்துவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒவ்வொரு தடவையும் சண்டைக்குப் போக வேண்டாம்.

பெரிய சார்ஜர் சின்ன போனைக் கெடுக்குமா?

"10 வாட் போனை 67 வாட் சார்ஜரில் போட்டால் வெடித்துவிடாதா?" என்ற பயமும் பலருக்கு உண்டு. யு.எஸ்.பி. சார்ஜரில் அந்தப் பயம் வேண்டாம். சார்ஜர் கரன்ட்டைப் பிடித்துத் தள்ளுவதில்லை, போன்தான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. சொருகிய உடனே சார்ஜரும் போனும் கேபிள் வழியாக ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். வேகமாக ஏற்றத் தெரிந்த போன் என்றால் சார்ஜர் வோல்டேஜை உயர்த்தும். இல்லையென்றால் பழைய 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். சில கம்பெனிகளின் வேக சார்ஜிங் அந்தக் கம்பெனி சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் வேலை செய்யும். வேறு போனில் போட்டால் மெதுவாக ஏறுமே தவிர, கெடுதல் இல்லை. இப்போது டைப்-சி பின் பரவலாகிவிட்டதால் நல்ல சார்ஜர் ஒன்றிருந்தால் வீட்டு போன் எல்லாவற்றுக்கும் அது போதும்.

இந்தத் தாராளம் யு.எஸ்.பி. சார்ஜருக்கு மட்டும்தான். இதை விவசாயிகள் அழுத்தமாக மனதில் வைக்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் போன் சார்ஜருக்குப் பக்கத்திலேயே பேட்டரி ஸ்பிரேயர் சார்ஜரும் தொங்குகிறது. ஸ்பிரேயர் சார்ஜரில் அந்த விசாரணை எதுவும் கிடையாது. உள்ளே காரீய-அமில பேட்டரி வைத்த ஸ்பிரேயர்கள் உண்டு, லித்தியம் பேட்டரி வைத்தவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் 12 வோல்ட்தான், பின்னும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் மூன்று செல் லித்தியம் பேட்டரி 12.6 வோல்ட்டில் நிரம்பிவிடும். காரீய பேட்டரிக்கான சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரவல் வாங்கிய சார்ஜரை லித்தியம் ஸ்பிரேயரில் மாட்டினால், பேட்டரிக்குள் பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்காக இருந்தால் தப்பிக்கும். இல்லையென்றால் பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் ஸ்பிரேயருக்கு அதன் சொந்த சார்ஜர் மட்டும்தான். சார்ஜர் மேல் எந்த ஸ்பிரேயருக்கானது என்று பெயின்ட்டால் எழுதி வைப்பது நல்லது.

கரன்ட் கணக்கு வேண்டுமானால், 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி காரீய பேட்டரி ஸ்பிரேயரை ஒருமுறை முழுக்க ஏற்ற ஏறக்குறைய ஆறு போனுக்கான கரன்ட் ஆகும். அதுவும் அற்பம்தான். கரன்ட் மிச்சம் என்று காரீய பேட்டரியை இறங்கிய நிலையிலேயே அடுத்த மருந்தடிப்பு வரை மூலையில் போட்டு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தால் பேட்டரி செத்துவிடும்.

80 ரூபாய் சார்ஜருக்குள் இருப்பது

நம் வீட்டுப் பிளக்கில் வருவது 230 வோல்ட். போனுக்குப் போவது 5 வோல்ட், வேக சார்ஜரில் 9 அல்லது 20 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் சார்ஜருக்குள் ஒரு வேலி இருக்கிறது. நகத்தளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பலகையில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தாமிரமே இல்லாமல் விட்ட ஓர் இடைவெளி, காப்பிடப்பட்ட கம்பிச் சுற்று. நல்ல சார்ஜரில் இந்த வேலியைத் தாண்டி 230 வோல்ட் மறுபக்கம் போகக்கூடாது என்பதற்காக இரட்டைக் காப்பு இருக்கும். சார்ஜரின் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருப்பது அதைத்தான் சொல்கிறது.

மட்டமான சார்ஜரில் முதலில் கை வைப்பது இந்த வேலியில்தான். இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது, டிரான்ஸ்ஃபார்மரில் காப்புத் தாள் இராது, ஃபியூஸ் இராது. வெளியே பார்த்தால் பளபளப்பாக, ஒரிஜினல் போலவே கம்பெனி பெயரும் அச்சிட்டிருக்கும். நாளொன்றுக்கு ஏறி இறங்கும் சூடு, மழைக்கால ஈரம், எறும்பு, பல்லி என ஏதோ ஒன்று போதும், 230 வோல்ட் நேராகக் கேபிளுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் போன் காதில் இருந்தால், கால் வெறும் தரையில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சார்ஜில் இருக்கும்போது போன் பேசாதே என்று சொல்வதன் உண்மையான காரணம் இதுதான். கதிர்வீச்சு, சிக்னல் என்று சொல்லப்படும் கதைகளைத் தள்ளிவிடலாம்.

இரும்பு, அலுமினியம் உடம்பு போன்களைச் சார்ஜில் இருக்கும்போது தடவினால் லேசாக ஒரு சுரசுரப்பு தெரியும். இரண்டு பின் மட்டும் உள்ள நல்ல சார்ஜரிலும் இது வரலாம். மிகச் சிறிய கசிவுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சுரீர் என்று குத்தினால், கையை உதற வைத்தால், அந்த சார்ஜரை அன்றே தூக்கிப் போடுங்கள். தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஈரக் காலோடு வந்து அதைத் தொடுகிறவர் தாங்க மாட்டார்.

எப்படிப் பார்த்து வாங்குவது? சார்ஜர்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் கட்டாயப் பதிவுக்குள் வருகின்றன. சார்ஜர் மேலேயே ஐ.எஸ். 13252 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். போலிக்காரர்களும் ஓர் எண்ணை அச்சிட்டுவிடுவார்கள். அதனால் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை இறக்கி, அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. விதைப் பொட்டலத்தில் லேபிளையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குகிற கண்ணுக்கு இது கஷ்டமே இல்லை. கையில் எடுத்தால் பஞ்சு போல எடையில்லாமல் இருப்பது, பின் ஆடுவது, எழுத்தில் பிழை இருப்பது இதெல்லாமும் அடையாளம்தான். ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், உள்ளே இரும்புத் துண்டு வைத்து எடை காட்டுகிறவர்களும் உண்டு.

நல்ல சார்ஜருக்கும் சந்தைச் சார்ஜருக்கும் சில நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கும். சார்ஜ் போடும் மொத்தச் செலவே வருடத்துக்கு 45 ரூபாய் என்னும்போது, அந்தச் செலவில் சிக்கனம் பிடிக்கப் போய் மட்டமான சார்ஜரில் விழுவது எந்தக் கணக்கிலும் சேராது. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியிருந்தால், சார்ஜர் வழியாக உடம்பில் கரன்ட் பாய்ந்து தரைக்கு இறங்கினாலும் அது கண நேரத்தில் துண்டித்துவிடும். மோட்டார் கொட்டகைக்கு மட்டும் இல்லாமல் வீட்டுக்கும் அது வேண்டும்.

மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு

கணக்கு வேறு, இடம் வேறு. 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 5 யூனிட். அந்தக் கரன்ட்டில் 200 போனுக்கு சார்ஜ் போடலாம். ஆகவே கொட்டகையில் ஒரு போன் எடுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லை. சிக்கல் அங்குள்ள வயரிங்கில்தான் இருக்கிறது.

கொட்டகைக்கு வருவது மூன்று ஃபேஸ். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நியூட்ரல் சரியாக இல்லாத கொட்டகைகளில், ஒரு ஃபேஸிலிருந்து ஒரு வயரும் எர்த் குழாயிலிருந்து இன்னொரு வயரும் இழுத்து பிளக் பாயின்ட் போட்டிருப்பார்கள். பல்பு எரியும், சார்ஜும் ஏறும். ஆனால் அந்தப் பல்பும் சார்ஜரும் திருப்பி அனுப்பும் கரன்ட் எர்த் கம்பி வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. வெயிலில் மண் காய்ந்தாலோ, துரு பிடித்து எர்த் கம்பி விட்டுப்போனாலோ, அதோடு இணைந்த மோட்டார் உடம்பு, ஸ்டார்ட்டர் பெட்டி, பைப் எல்லாவற்றிலும் கரன்ட் நிற்கும். போன் சார்ஜுக்காகப் போட்ட ஒரு வயர், தண்ணீர் திறக்க வந்தவரை அடிக்கும். அப்படி ஒரு பாயின்ட் உங்கள் கொட்டகையில் இருந்தால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து அதை எடுத்துவிடுங்கள். சோலார் பம்ப் செட் போட்டவர்களும், பேனலிலிருந்து வயர் பிரித்து சார்ஜ் போடப் பார்க்க வேண்டாம். பேனல்களைத் தொடராக இணைத்திருப்பதால் அங்கே பல நூறு வோல்ட் டி.சி. ஓடுகிறது.

தோட்டத்தில் சார்ஜ் வேண்டும் என்றால் யு.எஸ்.பி. வெளியீடு உள்ள 10 வாட் சிறிய சோலார் பேனல் போதும். நல்ல வெயில் நாளில் அது ஒரு போனை நிரப்பிவிடும். பேனலை வெயிலில் வைத்து, போனை நிழலில் வைக்க வேண்டும். பலர் இரண்டையும் சேர்த்தே வெயிலில் வைக்கிறார்கள். டிராக்டரில் ஏற்றுவதானால் அதற்கென்று உள்ள 12 வோல்ட் சாக்கெட்டில் நல்ல அடாப்டரைச் சொருகுங்கள், பேட்டரி முனையில் கம்பி சுற்றி ஏற்ற வேண்டாம்.

வீட்டிலும் கொட்டகையிலும் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது சூடுதான். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை மாத மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். தலையணைக்கு அடியிலும், போர்வைக்குள்ளும், வைக்கோல் பக்கத்திலும், நெல் மூட்டை மேலும் வைத்து சார்ஜ் போடுவதும் அப்படித்தான். ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்தால், நிரம்பியதும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், யூனிட் ஓடாது. ஆனாலும் 100 சதவீதத்திலேயே சூடாக மணிக்கணக்கில் வைத்திருப்பதைவிட, 20-க்குக் கீழே இறங்க விடாமல் 80, 90 அளவில் எடுத்துவிடுவது பேட்டரிக்கு நல்லது. வேக சார்ஜர் இருந்தால் காலையில் பால் கறந்துவிட்டு வருவதற்குள் அந்த அளவுக்கு ஏறிவிடும். உழவன் செயலியில் மழை நிலவரம் பார்க்கவும், பி.எம். கிசான் ஓ.டி.பி. வாங்கவும், மோட்டாரை போனிலேயே போட்டு நிறுத்தவும் பழகிவிட்டவர்களுக்கு, அவசரத்துக்குக் கை கொடுப்பது இந்த வேகம்தான்.

பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால், அந்த போனை ஒருமுறைகூட சார்ஜில் போடாதீர்கள். அழுத்தி மூடவும், ஆணியால் குத்தவும், குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், காய்ந்த மணல் போட்ட மண் சட்டியில் வைத்து, அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது சர்வீஸ் சென்டரிலோ மின்னணுக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.